அணைக்காத விளக்கும் பூட்டிய பெட்டியும்



சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களில் ஒன்றைப் பல தடவை வாசித்தேன். எழுதியவரின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவருடைய கணவர் தச்சு வேலை செய்தவர். 2009 ஆம் ஆண்டிலிருந்து அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தனையோ சாமான்களைக் கைவிட்டபோதும், கணவரின் உளிகள் இரண்டு, சேட் ஒன்று, வேலைக் கணக்கு எழுதிய கொப்பி ஒன்று ஆகியவற்றை மட்டும் அந்தச் சகோதரி விடவில்லை. இன்றும் ஒரு பிஸ்கற் ரின்னிலும் உரப்பையிலுமாகக் கட்டிலின் கீழ் அவை இருக்கின்றன.

அவர் மூன்று விடயங்களைக் கேட்டிருந்தார். "பழசுகளைக் கட்டிக்கொண்டு இருக்காதே" என்று உறவினர் சொல்கிறார்கள், நான் செய்வது பிழையா? மகன் இப்போது தச்சு வேலை பழகுகிறான், அப்பாவின் உளியைக் கேட்கிறான், கொடுக்கலாமா? மை போட்டுப் பார்க்கும் ஒருவர் கணவரின் சேட்டையும் இருபத்தையாயிரம் ரூபாவையும் கொண்டுவந்தால் ஆள் எங்கே என்று சொல்வதாகச் சொல்கிறார், போகலாமா?

இவற்றுக்கு உடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் இம்மாதம் ஒரு மாயவித்தைக்காரரின் கதையைச் சொல்லப்போகிறேன். இது வேறொரு நாட்டின், வேறொரு காலத்தின் கதை. ஆனால் ஒரு மனிதர் போன பிறகு அவருடைய பொருட்களுக்கு என்ன நடக்கிறது என்பதை இந்தக் கதையைப் போல விளக்கமாகக் காட்டும் கதைகள் குறைவு.

அவர் பெயர் ஹரி ஹூடினி. 1874 ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவருடைய பெயர் எரிக் வைஸ். நான்கு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தார். தந்தை யூத மதகுரு. அவருக்கு வேலை போனதும் குடும்பம் வறுமையில் விழுந்தது. சிறுவன் எரிக் பத்திரிகை விற்றான், சப்பாத்துத் துடைத்தான். பின்னர் நியூயோர்க்கில் ஒரு கழுத்துப்பட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தான். 1892 இல் தந்தை இறந்தார். தாய் சிசிலியாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கடைசிவரை தன் முதற்கடமையாக நினைத்தவர் ஹூடினி.

1894 இல், இருபது வயதில், பெஸ் என்ற பெண்ணை மணந்தார். அவரும் மேடையில் பாடி ஆடிப் பிழைத்தவர். அவர் கத்தோலிக்கர், இவர் யூதர். ஆயினும் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து மேடையேறினார்கள். அவர்களுடைய பேர்பெற்ற வித்தை ஒரு றங்குப் பெட்டியை வைத்துச் செய்வது. ஹூடினியின் கைகளைக் கட்டி, சாக்குக்குள் போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். பெஸ் திரையை இழுத்து மூன்று முறை கைதட்டுவார். மூன்றாவது தட்டோடு திரை விலகினால் வெளியே நிற்பவர் ஹூடினி. பெட்டியைத் திறந்தால் சாக்குக்குள் கட்டப்பட்டிருப்பவர் பெஸ்! பாதி வித்தை பெஸ்ஸுடையது என்பதை நாம் மறக்கக்கூடாது.

1900 இல் லண்டனுக்குப் போன பிறகுதான் புகழ் வந்தது. பொலிஸ் கைவிலங்குகளைப் போட்டுப் பூட்டச் சொல்லி, அவற்றிலிருந்து விடுபட்டுக் காட்டினார். 1908 இல் தண்ணீர் நிரப்பிய பெரிய பாற்கலன் ஒன்றுக்குள் இறங்கி, மூடியை ஆறு பூட்டுகளால் பூட்டச் செய்து, உள்ளிருந்து வெளியே வந்தார். இந்த இரகசியம் இப்போது பலருக்குத் தெரியும். கலனின் கழுத்தில் அடித்திருந்த ஆணிகள் வெறும் தோற்றத்துக்குத்தான். கழுத்துப் பகுதி அப்படியே மேலே கழரும். 1912 இல் ஜேர்மனியின் பெர்லின் நகரில் அதைவிடப் பயங்கரமான ஒன்றை மேடையேற்றினார். கண்ணாடி முகப்புள்ள தண்ணீர்ப் பெட்டிக்குள் கால்கள் பூட்டப்பட்டுத் தலைகீழாக இறங்கும் வித்தை அது.

ஹூடினி புதியவற்றை ஆக்குபவராகவும் இருந்தார். கடலுக்கடியில் வேலை செய்யும் சுழியோடிகளின் அங்கி மிகவும் பாரமானது. வேறொருவர் உதவியில்லாமல் அதைக் கழற்ற முடியாது. நீருக்கடியில் ஏதேனும் நடந்தால் அந்த அங்கியே அவருக்குப் புதைகுழியாகிவிடும். ஹூடினி இடுப்போடு இரண்டாகப் பிரியும் அங்கி ஒன்றை வடிவமைத்தார். ஆபத்து வந்தால் சுழியோடி தானே அதைக் கழற்றிவிட்டு மேலே வந்துவிடலாம். இதற்கு அமெரிக்க அரசு 1921 மார்ச் 1 இல் ஆக்கவுரிமை வழங்கியது. அதன் இலக்கம் 1,370,316. விமானம் புதிதாக வந்த காலத்தில் அதையும் ஓட்டப் பழகி, 1910 இல் அவுஸ்திரேலியாவில் பறந்தார். அந்நாட்டில் மிக ஆரம்பத்தில் விமானம் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவும் அவருடைய தொழில். அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது. பழைய மாயவித்தைக்காரர்களின் பொருட்களைச் சேர்ப்பது. அறிவித்தல் தாள்கள், நுழைவுச்சீட்டுகள், கடிதங்கள், நூல்கள் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். போகும் ஊர்களில் மறக்கப்பட்டுப்போன வித்தைக்காரர்களின் கல்லறைகளைத் தேடிப் போவார். பற்றை மூடிக் கிடந்தவற்றைத் திருத்தப் பணம் கொடுப்பார்.

1904 இல் லண்டனில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஹென்றி எவேனியன் என்ற வயோதிப வித்தைக்காரர் அவரைத் தேடி ஹோட்டலுக்கு வந்தார். கந்தல் உடையைப் பார்த்த ஹோட்டல்காரர் அவரை மேலே விடவில்லை. மணிக்கணக்காக அந்த முதியவர் காத்துக்கொண்டிருந்தார். விடயம் தெரிந்து ஹூடினி அவரை அழைத்தபோது, அவர் பொதியைப் பிரித்து நடுங்கும் கையால் ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தார். நூறு வருடத்துப் பழைய வித்தைக்காரர்களின் அறிவித்தல்கள்! ஹூடினி சுகமில்லாமல் இருந்த நேரம் அது. வெளியே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் மறுநாளே எழுந்து அந்த முதியவரின் நிலக்கீழ் அறைக்குப் போய் விடியப்புறம் வரை இருந்து பார்த்தார். தம்பியும் வைத்தியரும் வந்துதான் அவரை இழுத்துப் போகவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எவேனியன் இறந்துவிட்டார். ஹூடினி வாங்கி வைத்திராவிட்டால் அந்தத் தாள்களில் பல அடுப்புக்குப் போயிருக்கலாம்.

1913 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹூடினி டென்மார்க்கில் இருந்தபோது தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தது. தான் வரும்வரை அடக்கத்தைப் பிற்போடச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். புறப்பட்டபோது தாய் கேட்டது ஒரு சோடி கம்பளிச் செருப்பு மட்டும். மகன் அதை வாங்கிக்கொண்டு வந்து தாயின் பெட்டிக்குள் வைத்தார். தாய் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. அவற்றை எறியவே இல்லை. உலகமெங்கும் தேடிச் சேர்த்த மனிதருக்கு, எல்லாவற்றிலும் பெறுமதியாக இருந்தது அந்தக் கடிதக் கட்டுத்தான்.

இதன் பிறகு முதலாம் உலக யுத்தம் வந்தது. 1914 முதல் 1918 வரை ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் இறந்தார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. எங்கே விழுந்தார்கள் என்றும் தெரியவில்லை. அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் பட்ட பாட்டை எமது வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்களைச் சுற்றி ஒரு வியாபாரம் வளர்ந்தது. "உங்கள் மகனின் ஆவியோடு பேசித் தருகிறோம்" என்று இருட்டறைகளில் காசு வாங்கும் வியாபாரம். ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில் போன்ற படித்தவர்களும் அதை நம்பினார்கள். யுத்தத்தில் காயப்பட்டிருந்த அவருடைய மகன் 1918 இல் நோயில் இறந்தவர்.

டொயிலும் ஹூடினியும் நண்பர்கள். 1922 ஜூன் மாதம் டொயிலின் மனைவி, ஹூடினியின் தாய் தன் கையால் எழுதுவதாகச் சொல்லிப் பதினைந்து பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மையார் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை, உண்மையாகவே நம்பினார். ஆனால் ஹூடினி அந்தத் தாள்களைப் பார்த்தார். தலைப்பில் சிலுவை அடையாளம். அவருடைய தாயோ யூத மதகுருவின் மனைவி. எழுத்து நல்ல ஆங்கிலத்தில். தாய்க்கோ ஆங்கிலம் பேச வராது. அன்று தாயின் பிறந்தநாள். அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த நட்பு பின்னர் முறிந்தது.

ஹூடினிக்கு இந்த வியாபாரத்தின் சூட்சுமம் தெரிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1890 களில் சாப்பாட்டுக்கே வழியில்லாத காலத்தில் அவரும் பெஸ்ஸும் சின்னப் பட்டணங்களில் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். முதல் நாளே ஊருக்குப் போவது, சவக்காலையில் கல்லறை எழுத்துகளைப் படிப்பது, ஊர்க்கதை கேட்பது, மறுநாள் மேடையில் ஆவி சொன்னதுபோல அதையே சொல்வது. பிற்காலத்தில் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார். துயரப்பட்ட மனிதரோடு விளையாடியது பெரும் பிழை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்.

1924 இல் இந்த ஏமாற்றுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் ஊர் ஊராகப் போய் மேடையிலேயே அவற்றை அம்பலப்படுத்தினார். 1925 இல் கிளீவ்லண்ட் நகரில் ஒருவர் இருட்டில் ஆவி ஊதுவதாகச் சொல்லி ஊதுகுழல்களை அசைத்துக்கொண்டிருந்தார். மாறுவேடத்தில் போயிருந்த ஹூடினி அந்தக் குழல்களில் விளக்குக் கரியைப் பூசிவிட்டார். பிறகு டோர்ச் வெளிச்சத்தை அடித்தால், ஆவியின் கையில் அல்ல, அந்த மனிதரின் கையிலும் முகத்திலும் கரி!

இந்த வேலையில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் ஒரு பெண். பெயர் ரோஸ் மக்கன்பேர்க். நியூயோர்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த துப்பறிபவர். ஹூடினி வருவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊருக்குப் போவார். ஒரு நாள் கைம்பெண்ணாக, இன்னொரு நாள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக, வேறொரு நாள் தொழிற்சாலைப் பெண்ணாக வேடமிட்டு ஆவியோடு பேசுபவர்களிடம் போய் உட்காருவார். அவர் திருமணமே செய்யாதவர். ஆனால் ஊருக்கு ஊர் அவருடைய "இறந்த கணவர்" வந்து அன்பாகப் பேசினார். பிறக்காத பிள்ளைகள் அழுதார்கள். எல்லாவற்றையும் குறித்துவைத்தார். 1926 இல், காசுக்குக் குறி சொல்வதைத் தலைநகர் வாஷிங்டனில் தடைசெய்யும் சட்டமூலம் வந்தபோது, அமெரிக்கக் கொங்கிரஸின் குழு முன் ஹூடினியோடு இவரும் சாட்சி சொன்னார். அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆயினும் ரோஸ் ஹூடினி இறந்த பின்னரும் பல்லாண்டுகள் இந்த வேலையை விடாமல் செய்து, 1968 இல் காலமானார்.

1926 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஹூடினி டெட்ரோயிட் நகர வைத்தியசாலையில் இறந்தார். குடல்வால் வெடித்து நஞ்சு வயிற்றில் பரவியிருந்தது. வயது 52. அவரை நியூயோர்க்கில் அடக்கம் செய்தார்கள். தாயின் கடிதங்களைத் தலையணையாக அவருடைய தலைக்குக் கீழே வைத்தார்கள். அவ்வளவு கவனமாகக் காத்த கடிதங்களை எந்த நூதனசாலைக்கும் அவர் கொடுக்கவில்லை. தன்னோடே கொண்டு போனார்.

மற்றப் பொருட்கள் என்னவாயின? இனித்தான் எமது விடயம் வருகிறது.

அவருடைய நூல்களில் ஏறத்தாழ 4000 நூல்கள் 1927 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. அவை இன்றும் அங்கே இருக்கின்றன. மேடை உபகரணங்கள் தம்பி தியடோருக்குப் போயின. அவரும் ஹார்டீன் என்ற பெயரில் வித்தை செய்தவர். தம்பி இறந்ததும் அவற்றை எரித்து அழித்துவிடவேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தம்பி அந்த உபகரணங்களோடு பல ஆண்டுகள் மேடையேறினார். ஆனால் எரிக்க மனம் வரவில்லை. 1945 இல் தான் இறப்பதற்கு முன்னர், சிட்னி ராட்னர் என்ற இளம் ஆர்வலரிடம் பலவற்றைக் கொடுத்துவிட்டார். ராட்னர் அவற்றை அரை நூற்றாண்டுக்கு மேல் பேணினார்.

தலைகீழாக இறங்கும் அந்தத் தண்ணீர்ப் பெட்டி கனடாவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ஹூடினி நூதனசாலை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தது. 1995 ஏப்ரல் 30 இல் அந்த நூதனசாலை தீப்பற்றி எரிந்தது. பெட்டியின் மரம் எரிந்துபோயிற்று, உலோகச் சட்டகம் தப்பியது. வித்தை உபகரணங்கள் செய்வதில் தேர்ந்த ஒருவர் அதைத் திரும்பக் கட்டியெழுப்பினார். 2004 ஒக்டோபரில் ராட்னரின் சேகரிப்பு லாஸ் வேகாஸ் நகரில் ஏலத்துக்கு வந்தது. அந்தப் பெட்டி மட்டும் மூன்று இலட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. வாங்கியவர் இக்கால வித்தைக்காரர் டேவிட் கொப்பர்ஃபீல்ட்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1919 இல் ஹூடினி நடித்த திரைப்படம் ஒன்று அழிந்துவிட்டதாகப் பலரும் நினைத்தார்கள். ஆனால் அதன் முழுப்பிரதி புரூக்ளினில் ஓய்வுபெற்ற ஜக்ளிங் கலைஞர் ஒருவரின் வீட்டில் பத்திரமாக இருந்தது. 1947 இல் வாங்கி வைத்தவர் அவர். 2015 இல் அது திருத்தப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது. யாரோ ஒருவர் "பழசு" என்று எறியாமல் வைத்திருந்ததால் வந்த பயன் இது.

ஹூடினியின் பொருட்களைச் சேர்ப்பவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. பொருளைவிட அது வந்த வழிதான் முக்கியம். உலகில் "ஹூடினியின் கைவிலங்கு" என்று விற்கப்படுபவை ஏராளம். அவற்றில் பல வெறும் பழைய கைவிலங்குகள். இது யாருடைய கையில் இருந்தது, அவர் யாரிடம் கொடுத்தார், எந்த ஆண்டு, அதற்குக் கடிதமோ படமோ சாட்சியாக உண்டா என்று கேட்பார்கள். விடை இருந்தால் அது ஹூடினியின் விலங்கு. இல்லாவிட்டால் அது இரும்பு. இரண்டு விலங்குகள் ஒரே மாதிரி இருந்தாலும், ஒரு துண்டுத் தாளில் எழுதிய நான்கு வரிதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

இனி பெஸ்ஸின் கதை. கணவனும் மனைவியும் முன்னரே ஓர் உடன்பாடு செய்திருந்தார்கள். இறந்தவர் ஆவியாக வர முடியுமென்றால், இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டும். அந்த வார்த்தை, அவர்கள் சந்தித்த காலத்தில் பெஸ் பாடிய ஒரு பாட்டோடு தொடர்புடையது. அவருடைய திருமண மோதிரத்தின் உட்புறத்திலும் அது பொறிக்கப்பட்டிருந்தது. 1929 ஜனவரியில், பெஸ் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஆவியோடு பேசுபவர் ஒருவர் வந்து அந்த இரகசியச் செய்தியைச் சொன்னார். பெஸ் அதை ஏற்று ஒப்பமும் வைத்துவிட்டார். ஆனால் இரகசியத்துக்கு ஆதாரமான குறிப்புகள் முந்தின வருடம் வெளிவந்த ஒரு நூலிலேயே அச்சாகியிருந்தன. பின்னர் பெஸ் அந்தச் செய்தி தன் கணவரிடமிருந்து வரவில்லை என்று மறுத்தார். வாழ்நாள் முழுவதும் இந்த வித்தையின் உள்ளே இருந்த பெண்ணே, நோயிலும் துயரிலும் ஒரு கணம் நம்பிவிட்டார். அப்படியானால் மற்றவர்களை யார் குறை சொல்வது?

கணவரின் படத்தருகே ஒரு விளக்கை எரியவிட்டு ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 31 இல் பெஸ் காத்திருந்தார். பத்தாவது ஆண்டு, 1936 இல், ஹொலிவூட்டில் ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியில் கடைசி முறையாகக் கூடினார்கள். எந்தச் சத்தமும் வரவில்லை. பத்து வருடம் போதும் என்று சொல்லி பெஸ் அந்த விளக்கை அணைத்தார். 1943 இல் அவரும் காலமானார். கத்தோலிக்கர் என்பதால் கணவருக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறொரு சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சகோதரிகளே, பெஸ்ஸுக்கும் எங்களில் பலருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவருக்குக் கணவர் எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று தெரியும். போய்ப் பூ வைக்கக் கல்லறை இருந்தது. அதுவும் கிடைக்காதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். ஆகவே "பெஸ் பத்து வருடத்தில் அணைத்தாரே, நீயும் அணை" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. விளக்கை ஏற்றியவரும் அவர், அணைத்தவரும் அவர். உறவினரோ ஆவி வியாபாரியோ நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

முதற்கேள்வி, வைத்திருப்பது பிழையா என்பது. பிழையே இல்லை. ஒரு மாயவித்தைக்காரரின் பூட்டையும் சங்கிலியையும் உலகம் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிப் பேணுகிறது. தச்சுத் தொழிலாளி ஒருவரின் கணக்குக் கொப்பியை அவருடைய மனைவி பேணக்கூடாதா? ஆனால் சேகரிப்பாளரின் விதியை நாமும் கைக்கொள்ளவேண்டும். எது யாருடையது, எங்கே வாங்கியது, எப்போது பாவித்தது என்று எழுதி வையுங்கள். இன்று அது உங்கள் மனதில் இருக்கிறது. உங்களுக்குப் பின் உங்கள் பேரப்பிள்ளைக்கு அது வெறும் கிழிந்த கொப்பி. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அது பிள்ளைக்கும் அப்பாவின் கதை தெரியும் வேளையாக இருக்கும்.

சில கைப்பக்குவங்கள்: படங்களின் பின்புறம் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஆண்டும் இடமும் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். கிழிந்த தாளுக்கு செலோரேப் ஒட்டவேண்டாம். சில வருடங்களில் அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். இரும்புக் கிளிப், குண்டூசி துருப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள். மூலப் பத்திரங்களை லமினேற் செய்யவேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. ஈரமான தாளைப் பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் நன்றாகக் காயவைத்த பின்னரே பெட்டியில் போடுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். வருடத்தில் சில தடவை திறந்து காற்றுப் படவிடுங்கள். துணியை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடிக்காமல் மடிப்பை மாற்றுங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதிகள், பதிவு இலக்கச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுத்து நம்பிக்கையான இன்னொரு வீட்டில் ஒரு தொகுதி வையுங்கள். நயாகராத் தீ எமக்குச் சொல்லும் பாடம் அது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. விசாரணைக்குப் போனால் பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கொடுத்தேயாகவேண்டும் என்றால் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம்.

இரண்டாவது கேள்வி, உளி. இதில் முடிவு உங்களுடையது. ஆனால் ஹூடினியின் தம்பியை நினைத்துப் பாருங்கள். அண்ணனின் உபகரணங்களை அவர் பூட்டி வைக்கவில்லை. தானும் பாவித்தார், விருப்பமுள்ள இளையவரிடம் கொடுத்தார், அதனாலேயே அவை தப்பின. உளி துருவேறிப் போவதைவிட மகனின் கையில் தீட்டப்பட்டு வேலை செய்வது நல்லது என்றே எனக்குப் படுகிறது. இரண்டு உளி இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மகனிடம் போகட்டும். மற்றது பெட்டியில் இருக்கட்டும். கொடுக்கும் நாளில் அப்பா அதைக் கொண்டு முதலில் என்ன செய்தார் என்று சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது கேள்வி, மை போடுபவர். போகவேண்டாம். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லாமலே அவர் உங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். ஹூடினியும் பெஸ்ஸும் பசியில் செய்ததும் அதுதான். முதல் நாள் ஊரில் விசாரித்தால் போதும். உண்மையில் தெரிந்தவர் சேட்டையும் காசையும் கேட்கமாட்டார். "இருக்கிறார்" என்று சொன்னாலும் "இல்லை" என்று சொன்னாலும் உங்களிடம் மிஞ்சப்போவது கடன் மட்டுமே. அந்தச் சேட்டும் திரும்பி வராமல் போகலாம். சந்தேகமிருந்தால் ரோஸ் செய்ததைச் செய்யுங்கள். உங்களைத் தெரியாத ஓர் ஊர்ச் சிநேகிதியை அனுப்பி, இல்லாத ஒரு அண்ணனைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த இல்லாத அண்ணனும் மையில் தெரிவார்.

முன்னர் போனவர்களும் வெட்கப்படவேண்டாம். பெஸ்ஸே ஏமாந்தவர். தவிப்பில் இருக்கும் மனம் கதவுகளைத் தட்டத்தான் செய்யும். வெட்கப்படவேண்டியவர் கதவைத் திறந்து காசு வாங்கியவர்தான்.

அந்தச் சேட் பெட்டியிலேயே இருக்கட்டும், சகோதரி. ஹூடினி தாயின் கடிதங்களை எறியாமல் வைத்திருந்ததுபோல, நீங்கள் வைத்திருக்கும் சில பொருட்களுக்கு நீங்கள் எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி அரைப்பக்கம் எழுதி எமக்கு அனுப்புங்கள். பொருளை அனுப்பவேண்டாம், எழுத்து மட்டும் போதும். அவற்றுள் சிலவற்றை, விரும்பினால் பெயரில்லாமல், இப்பக்கத்தில் பகிர்ந்துகொள்வோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.